அட்டையில் ஏழாவது ஆள்

ஓசூர்
8.11.2024

ஓவியர் ஆல்வின் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் ஜீவிதா. இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருமா என்பதே எனக்குச் சந்தேகம். முகவரியை ஒரு கேசட் அட்டையின் உள்மடிப்பிலிருந்து எடுத்தேன். ‘அட்டை அமைப்பு: ஆல்வின் ஆர்ட்ஸ், நாகல் நகர், திண்டுக்கல்’ என்று கண்ணாடி வைத்துப் படிக்கிற அளவில் இருந்தது. இருபத்தெட்டு வருடத்துக்கு முந்தைய முகவரி. கடை இன்னும் அங்கேயே இருந்தால் என் அதிர்ஷ்டம்.

நான் இங்கே ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். வேலை போக மிச்ச நேரத்தில் ஓர் இணையதளம் நடத்துகிறேன். திண்டுக்கல் பக்கம் வெளிவந்த கேசட்டுகளின் அட்டைகளைத் தேடிப் பிடித்து ஏற்றி, பாடியது யார், வாசித்தது யார், அட்டை வரைந்தது யார் என்று விசாரித்து எழுதுவேன். இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு அட்டைகள். எனக்கு ஒரு சட்டம் உண்டு. அந்தக் கேசட் வேலையில் கூட இருந்த ஒருவராவது கைப்பட எழுதித் தராமல் யார் பெயரையும் போட மாட்டேன்.

இப்போது என் கேள்வி. 1996இல் பொன்னழகு ஆடியோஸ் வெளியிட்ட ‘மலையடிவார மங்கல இசை’. முத்துக்கிருஷ்ணன் பேண்டு செட். அட்டையில் சிவப்புச் சட்டை போட்ட ஏழு பேர். ஆறு பேரைக் கண்டுபிடித்துவிட்டேன். வலது ஓரத்தில் கிளாரினெட்டுடன் நிற்பவர் யாரென்று தெரியவில்லை. அதே முகம் இன்னும் பதின்மூன்று அட்டைகளில் இருக்கிறது. ஒன்றில் உறுமி, ஒன்றில் ஆர்மோனியம், மாதா பாடல் கேசட்டில் கஞ்சிரா. இத்தனை வாத்தியம் கைவந்த ஒருவரைப் பற்றி எங்கேயும் ஒரு வரி இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சிறுமலையில் இருக்கும் என் அப்பா சடையாண்டி, அந்தக் கேசட்டில் கிளாரினெட் வாசித்தது தான்தான் என்று சொல்வார். ஆனால் அட்டையில் அவர் இல்லை. என் தாய்மாமா கண்ணுசாமி ஒவ்வொரு விசேஷத்துக்கும் அந்தக் கேசட்டைக் கையோடு கொண்டுவந்து, “மாப்ள, இதுல நீ எங்க இருக்க, செத்த காட்டு” என்று கேட்பார். பந்தி முழுக்கச் சிரிக்கும். வாசித்துக் காட்டலாம் என்றால் அப்பாவுக்குக் கீழ்வரிசைப் பல் போய்விட்டது. பல் இல்லாமல் கிளாரினெட் இல்லை. குழுத் தலைவர் முத்துக்கிருஷ்ணனும் கம்பெனி முதலாளி பொன்னழகும் காலமாகிவிட்டார்கள். மற்ற ஐந்து பேரில் உயிரோடு இருக்கும் ஒருவருக்கும் ஞாபகம் போய்விட்டது. மீதி நீங்கள்தான். உங்களுக்கு என்ன தெரியுமோ எழுதுங்கள். கைபேசி எண் கீழே இருக்கிறது.

ஜீவிதா


நாகல் நகர், திண்டுக்கல்
16.11.2024

அன்புள்ள ஜீவிதா அம்மாவுக்கு,

கடை அதே இடத்தில்தான் இருக்கிறது. நானும்தான். தபால்காரர் உறையைக் கொடுத்தபோது வரி நோட்டீஸ் என்று நினைத்துச் செத்த நேரம் பிரிக்காமலே வைத்திருந்தேன். ‘ஓவியர்’ என்று போட்டிருந்ததைப் பார்த்தபிறகுதான் தைரியம் வந்தது. இப்போதெல்லாம் என்னை யாரும் அப்படிச் சொல்வதில்லை. பிளெக்ஸ்காரர் என்கிறார்கள்.

போனில் பேச வேண்டாம். எங்கள் வீட்டில் ஒரே போன், அது என் மனைவி ஜெஸ்ஸி கையில் இருக்கும். அவள் எடுத்து, யார், எந்த ஊர், எத்தனை பிள்ளை என்று கேட்டு முடித்து எனக்குக் கொடுப்பதற்குள் உங்கள் காசு கரைந்துவிடும். கடிதமே போடுங்கள், கடை முகவரிக்கு. எனக்கும் கையெழுத்தைப் பழக்கத்தில் வைத்த மாதிரி இருக்கும். பெயிண்ட் இன்னும் கையால்தான் கலக்குகிறேன். கல்யாணமான முதல் கிறிஸ்துமஸுக்கு ஜெஸ்ஸி மதுரையிலிருந்து ஒரு பெட்டி நிறையக் குச்சி வாங்கி வந்து கொடுத்தாள். பத்து இருந்தது. ஒன்று இன்னும் உடையாமல் கிடக்கிறது. அந்தக் காலத்துச் சாமான் அப்படி.

நீங்கள் கேட்ட ஆள் மேட்டுப்பட்டிக்காரர். பெயர் பிரபு. அவர் தொடாத வாத்தியம் இல்லை. கிளாரினெட் எடுத்தால் கல்யாண வீட்டில் சாப்பிடுகிறவர்கள் கையை இலையிலேயே வைத்துவிட்டுக் கேட்பார்கள். நல்ல குணம், நல்ல நிறம். பிறகு மலேசியா போனார். அங்கேயே காலமானதாகக் கேள்வி. இதை நீங்கள் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.

உங்கள் அப்பா விஷயம் எனக்கு நினைவில் இல்லை. வயதாகிவிட்டது. அவரைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஆல்வின்


ஓசூர்
27.11.2024

ஆல்வின் சார் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நம்பி, ‘கிளாரினெட்: பிரபு, மேட்டுப்பட்டி’ என்று ஏற்றினேன். சட்டம் சட்டம்தானே. மூன்று நாளில் நாற்பது பேர் அவருக்கு அஞ்சலி எழுதியிருக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சேவுகம்பட்டியில் கண்ணுசாமி மாமா வீட்டுக் கிரகப்பிரவேசம். மாமா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “ஏப்பா எல்லாரும் கேட்டுக்கங்க, பெத்த மகளே எழுதிப்புட்டா” என்று நான் எழுதியதை எனக்கு முன்னாலேயே வாசித்தார். அப்பா இலையில் வெஞ்சனம் அப்படியே இருந்தது. அவரைத் தலைகுனிய வைத்தது மாமா இல்லை, நான்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா போனைக் கேட்டார். படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிச் சிறுமலைப் பிரிவு வரும்வரை பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு சொன்னார்: “இவன் வாசிக்கிறவன் இல்ல தாயி. கையப் பாரு.”

பார்த்தேன். கிளாரினெட்டில் இடது கைதான் மேலே இருக்க வேண்டுமாம். எந்த ஊரிலும் அப்படித்தானாம். உங்கள் பிரபுவுக்கு வலது கை மேலே இருக்கிறது. படம் இடம் வலமாக மாறி அச்சாகியிருக்குமோ என்று மற்ற ஆறு பேரையும் பார்த்தேன். எல்லோருக்கும் சட்டைப்பை இடப்பக்கமே இருக்கிறது. படம் சரி. ஆள்தான் தப்பு. அந்தச் சட்டையும் அவருக்குத் தைத்ததில்லை. சட்டைக் கை மணிக்கட்டைத் தாண்டி இரண்டு மடிப்பு மடித்துவிடப்பட்டிருக்கிறது. என் அப்பா ஆறடி உயரம்.

அப்பா சொன்னது இது. ஒலிப்பதிவு மதுரையில் நடந்தது, அதில் வாசித்தார். பதினைந்து நாள் கழித்துத் திண்டுக்கல்லில் போட்டோ. முதல் நாள் மழையில் மலைப்பாதையில் பாறை சரிந்து பஸ் வரவில்லை. பதினெட்டு வளைவும் நடந்தே இறங்கி, அடிவாரத்தில் வாழைத்தார் லாரியைப் பிடித்து, அவர் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தபோது மணி மூன்று. போட்டோ முடிந்துவிட்டது. அவருக்கென்று தைத்த சட்டையைக் கேட்டதற்கு யாரோ போட்டுக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார்களாம்.

நான் கோபக்காரி இல்லை சார். ஆனால் பொய் எழுதிய பக்கம் என் பெயரில் இருக்கிறது. அந்த வலது கைக்காரர் யார்?

ஜீவிதா


நாகல் நகர்
9.12.2024

ஜீவிதாவுக்கு,

நான்தான்.

இந்த ஒரு வார்த்தையை எழுதப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கிறது. என்னை நானே மலேசியாவில் கொன்று புதைத்தேன், நாற்பது பேர் அஞ்சலி வேறு செலுத்திவிட்டார்கள். நல்ல நிறம் என்று எழுதியதற்காவது என்னை மன்னிக்க வேண்டும்.

நடந்ததைச் சொல்கிறேன். அட்டைக்கு எழுத்து எழுத ஸ்டுடியோவுக்குப் போயிருந்தேன். ‘எழுவர் இசைக்குழு’ என்று முன்கூட்டியே பெரிதாக எழுதி வண்ணமும் கொடுத்துவிட்டேன். வந்தது ஆறு பேர். பொன்னழகு முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், எழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஏலே ஆல்வின், அந்தச் சட்டையை மாட்டிக்கிட்டு ஓரமா நில்லு. குழாய எப்படியாச்சும் பிடி” என்றார். பிடித்தேன். அவ்வளவுதான் என் சங்கீதம்.

விதி பாருங்கள், அந்தக் கேசட் நன்றாக ஓடிவிட்டது. உங்கள் அப்பா வாசித்ததால் ஓடியது. முதலாளி அதை என் முகராசி என்று முடிவு கட்டிவிட்டார். அதற்குப் பிறகு எந்தக் கேசட் போட்டாலும் ஏதாவது ஒரு வாத்தியத்தை என் கையில் கொடுத்து ஓரத்தில் நிறுத்துவார். முருகன் பாட்டு, மாதா பாட்டு, வள்ளி திருமணம் எல்லாவற்றிலும் நின்றிருக்கிறேன்.

அன்று மூன்று மணிக்கு, நனைந்த வேட்டியோடு ஒரு நெட்டை மனிதர் வாசலில் வந்து நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் அவருடைய சட்டையோடு பின்வாசல் வழியாகப் போய்விட்டேன். நினைவில்லை என்று எழுதியதுதான் நான் செய்த பெரிய தப்பு. அதற்கு ஒரு காரணம் உண்டு.

என் கல்யாணமே அந்த மாதா பாட்டுக் கேசட்டால் நடந்தது. கொடைரோட்டில் என் மாமனார் அதைக் காட்டி, மாப்பிள்ளை இசைக்கலைஞர், கிளாரினெட் கூட வாசிப்பார் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். நான் மறுக்கவில்லை. ஜெஸ்ஸி அவ்வளவு அழகு. வந்த முதல் வருடம், கிறிஸ்துமஸ் பூசைக்கு வாசியுங்கள் என்றாள். வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டு வாத்தியத்தை விட்டுவிட்டேன் என்று சொன்னேன். இருபத்தாறு வருடமாக அந்த நேர்ச்சை ஓடுகிறது. சாமி பெயரைச் சொல்லிப் பொய் சொன்னவன் ஒவ்வொரு வருடமும் கோயில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு இலவசமாகப் பெயிண்ட் அடித்துச் சரிக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு நீங்கள் அப்பா பெயரைப் போடலாம். என் பெயரைப் போடுவதற்கு மட்டும் கிறிஸ்துமஸ் போகட்டும். ஜெஸ்ஸியிடம் நானே சொல்லிவிடுகிறேன். எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பெண்பிள்ளை நீங்கள், ஒரு வழி சொல்லுங்கள்.

சட்டை பத்திரமாக இருக்கிறது.

ஆல்வின்


ஓசூர்
17.12.2024

அன்புள்ள ஆல்வின் சார்,

உங்கள் கடிதத்தை அப்பாவுக்குப் போனில் வாசித்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தோட்டத்து நாய் குரைத்தது எனக்கு இங்கே கேட்டது. “அந்தாளு எனக்குப் பதிலா அம்புட்டு வருசம் நின்னுருக்காரு. உனக்குச் சித்தப்பா முறை ஆகுது தாயி” என்றார். சட்டை இருக்கிறது என்றதும் குரல் மாறிவிட்டது. “நெசமாவா” என்று மூன்று தடவை கேட்டார்.

பிரபுவை எடுத்துவிட்டேன். ஆனால் அந்த இடத்தை இன்னும் காலியாகத்தான் வைத்திருக்கிறேன். நீங்கள் யார் என்று எழுதாமல் அப்பா பெயரை மட்டும் போட்டால், அப்ப படத்தில் நிற்பது யார் என்று மாமா கேட்பார். கேட்பது நியாயமும்கூட. பாதி உண்மை எங்கள் கம்பெனியில் செல்லாது.

மார்ச் இரண்டாம் தேதி என் தங்கை சுகன்யா மகனுக்குக் காதுகுத்து. சிறுமலையில் எங்கள் குலசாமி கோயிலில். மாமா கேசட்டோடு வருவார். கிறிஸ்துமஸ் என்ன, பொங்கலும் போகட்டும். ஆனால் அன்றைக்கு அப்பா தலைநிமிர்ந்து பந்தியில் உட்கார வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

வழி கேட்டீர்கள். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அனுபவம் இல்லை. ஆனால் பொய் சொன்ன ஒருவர் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றால் எனக்குக் கோபம் பாதியாகக் குறைந்துவிடும். உங்கள் கடிதத்தைப் படித்தபோது அப்படித்தான் ஆனது.

ஜீவிதா


நாகல் நகர்
2.1.2025

அன்பு மகள் ஜீவிதாவுக்கு,

சித்தப்பா என்று உன் அப்பா சொல்லிவிட்டதால் இனி ‘நீ’தான்.

நான் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. உன் கடிதம் வந்த அன்று நான் கோயிலில் ஏணி மேல் நின்று குடிலுக்கு வானம் அடித்துக்கொண்டிருந்தேன். கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்த ஜெஸ்ஸியிடம் தபால்காரர் கடிதத்தைக் கொடுத்துவிட்டார். ஒரு பெண்பிள்ளை கையெழுத்தில் கடைக்குக் கடிதம் வந்தால் எந்த மனைவி பிரிக்காமல் இருப்பாள்? கிறிஸ்துமஸ் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. பிரியாணி பரிமாறி முடித்தபிறகு கடிதத்தை இலை ஓரத்தில் வைத்தாள். நான் படித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நீ சொன்னதை அப்படியே செய்தேன். கையில் குழம்பு இருந்ததை மட்டும் கவனிக்கவில்லை. மிச்சத்தை அவளே எழுதுகிறேன் என்கிறாள்.

*

ஜீவிதா, நான் ஜெஸ்ஸி சித்தி. எனக்குக் கடுதாசி எல்லாம் எழுதி வராது, பேசுற மாதிரியே எழுதுறேன்.

இவுக என்னமோ எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்துருக்காக. கல்யாணமாகி மொதக் கிறிஸ்துமஸுக்கு நான் மதுரைல மியூசிக் கடைல தேடி அலைஞ்சு, கிளாரினெட் வாயில வச்சு ஊதுற ரீடு ஒரு பெட்டி வாங்கிட்டு வந்தேன். வெல கொஞ்ச நஞ்சமில்ல. இவுக பெட்டியத் தெறந்து பாத்துட்டு, ரொம்ப நல்லாருக்கு ஜெஸ்ஸின்னு சொல்லிட்டு, ஒண்ண எடுத்து பெயிண்ட்டக் கலக்குனாக. அன்னைக்கே தெரிஞ்சு போச்சு, இவுக கிளாரினெட்டப் பக்கத்துல கூடப் பாத்ததில்லன்னு. நான் சிரிப்ப அடக்கிக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டேன். கேட்டா மொகம் வாடிப்போகுமேன்னு கேக்கல. பொறவு நேர்ச்சைன்னு சொன்னாக. சரி, இதுவும் இருக்கட்டும்னு விட்டுட்டேன். மனுசன் வேற எதுலயும் பொய் சொன்னதில்ல.

ஆனா கடைல கெடந்த உன் பழைய கடுதாசியையும் எடுத்து, உங்க அப்பா தலகுனிஞ்சாருன்னு படிச்சப்போ எனக்குக் கோவம் வந்துச்சு. அதுக்குத்தேன் பேசாம இருந்தேன். நாங்க ரெண்டு பேரும் காதுகுத்துக்கு வாரோம். இவுக வரலேன்னாலும் நான் சட்டையத் தூக்கிக்கிட்டு வந்துருவேன்.

ஜெஸ்ஸி


ஓசூர்
6.3.2025

அன்புள்ள சித்தப்பா, சித்தி,

சிறுமலைப் பஸ்ஸில் சித்திக்கு வாந்தி வந்ததற்கு அம்மா இன்னும் வருத்தப்படுகிறாள். மலைவாழை ஒரு தார் உங்கள் கடைக்கு அனுப்பியிருக்கிறார்களாம்.

அன்றைக்கு அவ்வளவு கூட்டத்தில் சரியாகப் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். மாமா வழக்கம்போலப் பந்தியில் கேசட்டை எடுத்து, “மாப்ள, இதுல நீ எங்க இருக்க” என்று ஆரம்பித்தார். நீங்கள் இலையை விட்டு எழுந்தீர்கள். “அண்ணே, இதுல அவரு இல்ல. இதுல இருக்கது நானு. நான் பெயிண்டர். எனக்கு ஒண்ணும் வாசிக்கத் தெரியாது. உள்ள கேக்குறதுதான் அவரு” என்றீர்கள். மாமா அட்டையைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். இருபத்தெட்டு வருடமாக ஒரே கேள்வியைக் கேட்டவருக்குப் பதில் கிடைத்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கிளம்பிய பிறகு மாமா யாரிடமோ டேப் கடன் வாங்கி வந்து அந்தக் கேசட்டைப் போட்டார். அதைக் கையில் வைத்துக்கொண்டே அலைந்தவர், அன்றுதான் முழுசாகக் கேட்டாராம். இரண்டாம் பக்கம் முடிந்ததும், “மாப்ள, இம்புட்டு வாசிப்பியா நீயி” என்று மட்டும் கேட்டார். அப்பா, “வாசிச்சேன் மச்சான்” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

சட்டை அப்பாவுக்கு வயிற்றில் பொத்தான் போட முடியவில்லை. ஆனாலும் கழற்றவில்லை. சித்தி கொண்டுவந்த கடைசி ரீடை வாங்கி, நீலப் பெயிண்ட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, “நல்ல சாமான்யா இது, படுபாவி” என்று உங்களைச் சொன்னார். இப்போது அது சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இணையப் பக்கத்தை எப்படி மாற்றட்டும் என்று அப்பாவிடம் கேட்டேன். பழைய அட்டையிலிருந்து உங்களை எடுக்கக் கூடாதாம். “அவரு அங்கனயே இருக்கட்டும். மழையில நான் வரல, அவரு நின்னாரு” என்றார். அதனால் பழைய அட்டைக்குக் கீழே ‘கிளாரினெட்: சடையாண்டி, சிறுமலை’ என்று போட்டு, அன்று சுகன்யா எடுத்த போட்டோவைச் சேர்த்திருக்கிறேன். ஒரு பிரதி இத்துடன் இருக்கிறது. பல் இல்லாத அப்பா, பொத்தான் போடாத சிவப்புச் சட்டையில், கிளாரினெட்டைப் பிடித்திருக்கிறார். இடது கை மேலே இருக்கிறது. பக்கத்தில் நீங்கள், கையில் ஒரு வாத்தியமும் இல்லாமல், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறீர்கள்.

இணையப் பக்கத்தில் உங்களைப் பற்றி எழுதியதையும் கீழே தருகிறேன். தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

‘ஆல்வின். அட்டை ஓவியர், நாகல் நகர். பதினான்கு அட்டைகளில் இவர் முகம் உண்டு. எந்த வாத்தியமும் வாசித்ததில்லை.’

ஜீவிதா


நாகல் நகர்
15.3.2025

அன்பு மகள் ஜீவிதாவுக்கு,

தார் வந்தது. பழம் தேன். பாதியை ஜெஸ்ஸி தெருவுக்கே கொடுத்துவிட்டாள், கொடுக்கும்போது கதையையும் சேர்த்துக் கொடுத்தாள். இப்போது நாகல் நகரில் எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை. நேற்று டீக்கடையில் ஒருவர் ஒரு பென்சிலை நீட்டி வாசிக்கச் சொன்னார். வலது கையை மேலே வைத்துப் பிடித்துக் காட்டினேன்.

மாதா பாட்டுக் கேசட் இருந்த இடத்தில் ஜெஸ்ஸி அந்தப் போட்டோவை வைத்திருக்கிறாள். அதில் உன் அப்பா கையைத்தான் அடிக்கடி பார்க்கிறேன்.

நீ எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை. என்னைப் பற்றி இவ்வளவு சரியாக யாரும் எழுதியதில்லை. அதனால் ஒரு காரியம் செய்தேன். கடையில் நான்கடிப் பலகை ஒன்று சும்மா கிடந்தது. சிவப்புப் பின்னணி கொடுத்து, அந்த மூன்று வரியையும் அப்படியே வெள்ளையில் எழுதி, நிழலும் போட்டு, நேற்று வாசலில் மாட்டிவிட்டேன். பிளெக்ஸ் இல்லை, கையெழுத்து. இத்தனை வருடமாக ஊருக்கெல்லாம் போர்டு எழுதியிருக்கிறேன். என் கடைக்கு எழுதிக்கொண்டது இதுதான் முதல் தடவை.

ஜெஸ்ஸி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தாள். கடைசி வரி கொஞ்சம் சாய்ந்திருக்கிறதாம். நாளைக்கு ஏணியை எடுத்துச் சரி செய்ய வேண்டும்.

ஆல்வின் சித்தப்பா